பெறப்பட்டது

ஆயுத பூஜை நாள், மாலை 4.10. வார்ப்பாலையின் எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன. அலுவலகச் சர்வரும் நிறுத்தப்பட்டது. சந்தனமும் குங்குமமும் இடப்பட்டன.

விஜயதசமி, காலை 8.05. சர்வர் மீண்டும் இயக்கப்பட்டது.

9.02. மணல் மிக்சருக்குள் இறங்குவதாக என் மகன் தன் மடிக்கணினியிலிருந்து ஆலையின் சாட் செயலியில் செய்தி அனுப்பினான். அதே நிமிடம், மிக்சர் ஆபரேட்டரின் பெயரில் "பெறப்பட்டது" என்று பதில் வந்தது.

9.15. நல்ல நேரம் தொடங்கியது. ஆபரேட்டர் மிக்சரின் பொத்தானை அழுத்தினார். நாற்பது வினாடி ஓடியது.

பகல் 12.30. பிணவறை வாசல். அந்தப் பதிலை உறவினர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

பிற்பகல் 3.00. ஆபரேட்டர் தன் வீட்டு வாசலில் நான்கு பேரால் தாக்கப்பட்டார். இடது கண் போயிற்று. தனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்கிறார்.

மேலே உள்ள குறிப்பை, மகன் இறந்த ஆறாம் நாள் காலையில், சர்வர் அறைக்குள் நுழையுமுன் எழுதினேன். அப்போது எனக்குத் தெரிந்திருந்தவை மட்டுமே இதில் உள்ளன. முப்பத்தோராண்டு மின்பொறியியல் கற்பித்தவன் நான். பழுது பார்க்கப் போகுமுன் அறிந்தவற்றை எழுதிவைத்துவிட்டு மற்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லிவந்தேன். அன்று எதையும் சந்தேகிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு மனிதனைத் தூக்குக்கு அனுப்பத் தேவையான காகிதத்தை அச்சிட்டு வாங்கப் போனேன்.

ஆலை அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. மோட்டார் பம்புகளுக்கான இரும்பு உறைகளை வார்க்கிறார்கள். வார்ப்பு அச்சுக்கு வேண்டிய மணலையும் களிமண்ணையும் நீரையும் பிசைவது மிக்சர். ஆளுயர இரும்புத் தொட்டி; உள்ளே இரண்டு கனத்த உருளைகள், அவற்றுக்கு இடையே கலப்பைபோல் வளைந்த தகடுகள். நிமிடத்துக்கு முப்பது சுற்று. நாற்பது வினாடிக்கு இருபது. இந்தப் பெருக்கலை என் மனம் தானாகவே செய்கிறது. என்னால் நிறுத்த முடியவில்லை. உடலைத் துணியோடு சேர்த்து இறுகச் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார் மருத்துவர். துணிக்கு மேல் கையை வைத்தபோது தோள் இருக்க வேண்டிய இடத்தில் மணல் நெருடியது.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. மணமாகவில்லை. அந்த ஆலையில் பராமரிப்புப் பொறியாளன். அவன் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். விடுமுறையில் தொட்டிச் சுவரில் காய்ந்து இறுகிய மணலை உளியால் தட்டி எடுக்க இறங்கியிருக்கிறான். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் எல்லா இயந்திரங்களையும் ஒரு சுற்றாவது ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து ஆலைகளின் வழக்கம். அந்த அவசரம் அவனுக்கும் இருந்தது, ஆபரேட்டருக்கும் இருந்தது.

ஆபரேட்டருக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய பெற்றோர் எங்கள் சொந்த ஊரில், எங்கள் உறவினர்களின் தோட்டங்களில் பண்ணையத்து ஆட்களாக இருந்தவர்கள். என் மகன் அவரை அண்ணா என்றுதான் அழைப்பான். ஆனால் பூஜைக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஏதோ தவறுக்காகப் பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து, ஒரு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பியிருந்தான். பிணவறை வாசலில் இதை யாரோ சொன்னார்கள். அப்போது ஆலை முதலாளி என் மகனின் மடிக்கணினியை என் கையில் கொடுத்தார். திறந்தேன். அவனுடைய செய்தி. கீழே ஆபரேட்டரின் பெயர், அதன் பக்கத்தில் அந்த ஒரு சொல். அதை உரக்கப் படித்தேன். என் தங்கையின் மகன் திரும்பப் படிக்கச் சொன்னான். மீண்டும் படித்தேன்.

அந்தச் சொல்லை எங்கோ அறிவேன் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நான் தள்ளிவிட்டேன். மறந்திருந்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். தெருமுனையில் காரில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை மகன் லாரித் தொழில் செய்பவன்; சக்கரம் கழற்றும் நெம்புகோலை அவன் கையில் பார்த்தேன். மற்ற மூவரும் எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். ஆபரேட்டரைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அவர் ஓடவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"செய்தி எதுவும் வர்லீங்க சாமி. செவப்புக் கோடுதானுங்க இருந்துச்சு. ஆபீசுல கேளுங்க."

"உம்பேருல பதிலு கெடக்குது. செத்தவன் பொய் சொல்றானாடா?"

முதல் அடி கூப்பிய கைகளின் மேல் விழுந்தது. விரல்கள் முறிந்த பிறகும் அவர் அவற்றைப் பிரிக்கவில்லை. இரண்டாவது முழங்காலில். விழுந்த பிறகு எத்தனை என்று சரியாகச் சொல்ல இயலாது. பதினொன்று வரை எண்ணினேன். கண்ணைப் பறித்தது நெம்புகோல் அல்ல, ஒரு செருப்புக் காலின் குதிகால். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் அவர்மேல் விழுந்தார். அவரை முடியைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள்.

எனக்கு அது நிறைவாக இருந்தது. இதை எழுதாமல் விடுவதானால் மற்ற எதையும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியின்போதும் என் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று சிறிது தளர்ந்தது.

காவல்துறை ஆபரேட்டர்மேல் கொலை வழக்கு எழுதியது. மருத்துவமனையில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர். செய்தி அவர் கணினியில் வந்து சேர்ந்ததற்கான பதிவை சர்வரிலிருந்தே எடுத்து அச்சிட்டுத் தரும்படி ஆய்வாளர் ஆலையைக் கேட்டிருந்தார். ஆனால் விஜயதசமிக்குப் பின் வேலைத்தளத்துக் கணினிகள் ஒன்றுகூட சர்வரோடு சேரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்பாட்டை நிறுவிக் கொடுத்தவன் நான். ஆகவே முதலாளி என்னை அழைத்தார். துக்க வீட்டிலிருந்து அழைப்பதற்கு மன்னிப்பும் கேட்டார். என் தங்கை மகன் காரை ஓட்டி வந்தான்; அறைக்குள்ளும் கூடவே வந்து, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

முதலில் மிக்சர் பக்கத்துக் கணினி. அதற்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு தூண். பொத்தானருகே நிற்பவருக்குத் தொட்டியின் கதவு தெரியாது. சாட் செயலியின் மேல்விளிம்பில் சிவப்புப் பட்டை. சர்வருடன் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த இயலவில்லை என்று அதில் எழுதியிருந்தது. வயரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. சர்வரின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வந்தது. செயலி பேசும் வழியும் திறந்திருந்தது. என் மகனின் மடிக்கணினியை அதே வயரில் செருகினேன். உடனே பச்சை விளக்கு. சர்வர் நலமாக இருக்கிறது, ஒரு கணினியை ஏற்கிறது, மற்றொன்றை மறுக்கிறது. இப்படிப்பட்ட பழுதைத் தேர்வுத் தாளில் நானே கேள்வியாக வைத்திருக்கிறேன்.

பிழையின் விவரத்தைத் திறந்தேன். தன்னை இன்னாரென்று மெய்ப்பிக்க சர்வர் காட்டும் சான்றிதழைக் கணினி ஏற்கவில்லை. காலாவதி ஆகியிருக்கும் என்று எண்ணினேன். இல்லை. சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றது. அப்போதுதான் திரையின் கீழ் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆறாம் நாள். என் மகன் கல்லூரியில் இருந்த ஆண்டு அது. அவன் அம்மா இருந்த ஆண்டு.

சர்வரைத் திறந்தேன். நேரத்தைக் காத்துவைக்கும் நாணய அளவு பேட்டரி செத்திருந்தது. எப்போது செத்தது என்று சொல்ல முடியாது. ஏழு ஆண்டுகளில் அந்தப் பெட்டி ஒருநாளும் நிறுத்தப்படவில்லை. ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. மற்ற ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பொட்டு வைப்பார்கள். இந்த ஆண்டு முதலாளி, ஓடுகிற ஒன்றுக்குப் பூஜை செய்வது முறையில்லை என்று தயங்கி, என்னிடம் கேட்டார். ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லி நானே பொத்தானை அழுத்தினேன். பழையதாக வாங்கிய பெட்டி அது; மறுநாள் விழித்தபோது தன் பிறந்த ஆண்டில் விழித்தது. தளத்துக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. அவை நேரத்தை சர்வரிடமே கேட்டுக்கொள்ளும்படி அமைத்தவனும் நான். அவையும் அந்தப் பழைய ஆண்டுக்குப் போயின. அந்த ஆண்டில் சான்றிதழ் எழுதப்படவே இல்லை. மடிக்கணினிக்குத் தன் சொந்தக் கடிகாரம் இருந்தது.

பதிவேட்டைப் படித்தேன். தேதியும் மணியும் தவறு; சர்வர் விழித்த 8.05-லிருந்து கணக்கிட்டுப் படித்தேன். 8.20 தொடங்கி மிக்சர் கணினி பத்து வினாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முறிந்திருக்கிறது. மூன்று முறை அது அணைக்கப்பட்டு மீண்டும் இயக்கப்பட்டிருக்கிறது. ஆபரேட்டர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். அலுவலகத்தில் கேட்டதற்கு, பூஜைக்கு நிறுத்தியிருந்ததால் அப்படி இருக்கும், தானாக வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைப் பின்னர் முதலாளியே ஒப்புக்கொண்டார். 9.02க்கு என் மகனின் செய்தியை சர்வர் வாங்கிக்கொண்டது. ஆபரேட்டருக்குச் சேர வேண்டிய பிரதி காத்திருப்போர் வரிசையில் கிடந்தது. நான் அதைப் பார்த்தபோதும் அங்கேயே கிடந்தது.

அப்படியானால் பதில் எழுதியது யார்?

தேட வேண்டியிருக்கவில்லை. எந்த நிரல் கோப்பில், ஏறத்தாழ எந்த இடத்தில் இருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. நான்கு வரி. அவற்றுக்கு மேலே என் குறிப்பு: கையில் எண்ணெயும் மணலும் இருப்பதால் தட்டச்சு செய்வது சிரமம் என்கிறார்கள், செய்தி வந்ததும் அவர்கள் சார்பில் பதில் அனுப்புக. அவர்கள் பட்ட சிரமத்தைப் பார்த்து இரங்கி எழுதியது. ஆலையில் வேறு எவரும் "பெறப்பட்டது" என்று எழுத மாட்டார்கள். சரிங்க என்பார்கள்.

முன்பு தொட்டிக்குள் இறங்குபவர் ஒரு தகரப் பலகையை சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்குவார். என் ஏற்பாடு வந்த பிறகு பலகையை மாட்டுவது மெல்ல நின்றது. பதில் வந்துவிட்டால் போதும் என்று நம்பினார்கள். என் மகன் எல்லோரையும்விட நம்பினான்.

தங்கை மகன் எழுந்து என் பின்னால் வந்து நின்றான்.

"கெடச்சுதுங்களா மாமா?"

கிடைத்தது என்றேன். செய்தி அவருக்குப் போகவில்லை, அவர் சொன்னது உண்மை என்றேன். திரையைக் காட்டி விளக்கினேன். அவன் அறிவுள்ளவன், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்பறம் அந்தப் பதிலப் போட்டது ஆருங்க?"

"நான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி."

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அழிச்சுப்போடுங்க. கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடலாம். பூஜைக்கு ஆஃப் பண்ணதுல போயிருச்சுன்னா ஆரு என்ன கேக்கப்போறாங்க?"

"அவனுக்கு ஒரு கண்ணு போயிருச்சு மாப்பிள்ளை. மிச்சத்தையும் நாம எடுக்கறதா?"

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க மாமா."

தெரியும் என்றேன். காவல்நிலையத்துக்குப் போகப்போகிறேன் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பகை இல்லை, களைப்புதான் இருந்தது.

"நாங்க படிக்காதவங்க. கைய நீட்டிப்போட்டோம். நீங்க பெரிய வாத்தியாரு. அந்தப் பதில ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டினது ஆருங்க?"

இதைச் சொல்லிக்கொண்டே குனிந்து சர்வர் பெட்டியைப் பற்றினான். வயர்கள் சுவரோடு பிய்ந்து வந்தன. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். சிமெண்டுத் தரையில் அறைந்தால் பதிவுகள் உள்ள வன்தட்டு சிதறிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் அவன் இடுப்பைப் பிடித்தேன். பெட்டியின் விளிம்பு என் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். அவன் மறுபடி தூக்கினான். மேசைமேல் நான் பெட்டியைக் கழற்றிய ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதை எடுத்து அவன் முன்கையில் குத்தினேன். எலும்பில் மோதி நின்றது. இழுத்துவிட்டு இன்னொரு முறை குத்தினேன். இரண்டாவது தேவையில்லை, முதல் குத்திலேயே பெட்டி என் மடிமேல் விழுந்துவிட்டது.

என் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. மகனைக்கூட அடித்ததில்லை. அந்த இரண்டாவது குத்து எனக்கு மிக எளிதாக வந்தது.

அவன் கையைப் பார்த்தான். சின்ன வயதில் என் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது கூப்பிட்ட அதே குரலில், "மாமா" என்றான். என் துண்டைக் கிழித்து அவன் கையைக் கட்டினேன். ஒரு கையால் கட்டியதால் இறுக்கம் போதவில்லை. பல்லால் இழுத்து முடிந்தேன். பிறகு சர்வரின் தட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

முதலாளியின் ஓட்டுநர் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். என் தோளுக்குக் கட்டுப் போட்ட பிறகு, அதே கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குப் போனேன். வராந்தாவில் ஆபரேட்டரின் மனைவி நின்றிருந்தார். நெற்றிக்கு மேல் ஒரு பிடி முடி இல்லாத இடம் புண்ணாக இருந்தது. நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன்.

"தெரீமுங்க," என்றார். "அன்னைக்குக் காருல இருந்தீங்க. இவரு கத்தறப்ப கண்ணாடிய ஏத்திக்கிட்டீங்க."

அதை நான் என் குறிப்பில் எழுதவில்லை. ஆம் என்றேன்.

உள்ளே அவர் இரண்டு கைகளும் மாவுக்கட்டில் இருக்கப் படுத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பூஜை, பேட்டரி, தேதி, சான்றிதழ், நான்கு வரி. வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காவலரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபரேட்டருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து மீண்டும் தொடங்கினேன். அவர் தலையை அசைத்து நிறுத்தினார்.

"எம்பேருல எதுக்குங்க போட்டீங்க? சர்வருன்னே போட்டிருந்தா, தம்பி என்னைய ஒரு சத்தம் கூப்புட்டுப் பாத்திருப்பாருங்களே."

பொறியியலில் இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்டால் அவர் பழக்கத்தில் பரவாயில்லீங்க என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

வெளியே வந்தபோது அவருடைய மனைவி என்னிடம் ஒன்று கேட்டார். செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே தட்டை ஆய்வாளரிடம் ஒப்படைத்து வாக்குமூலம் எழுதத் தொடங்கினேன். அவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, துக்கத்தில் இருக்கிறீர்கள், நிதானமாக யோசித்து வாருங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கொலை வழக்கு கைவிடப்பட்டது; காவலர் கட்டிலருகிலிருந்து போய்விட்டார். மகனின் காரியத்துக்கு உறவினர்களில் ஐந்து பேர் வந்தார்கள். தங்கை வரவில்லை.

இன்னும் செய்யாதவை:

வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில், அடித்த நால்வரின் பெயர்களோடு, அவர்களை அனுப்பியவன் என்று என் பெயரையும் சேர்ப்பது. கார்க் கண்ணாடியைப் பற்றிய வரியையும் சேர்ப்பது.

சத்தியமங்கலம் பக்கத்தில் ஓர் ஆலையிலும் அதே நான்கு வரி உள்ளன. தொலைபேசியில் சொல்லி சாட் முறையை நிறுத்தி வைத்தாயிற்று. நேரில் போய் நீக்கவில்லை.

தங்கை வீட்டுக்குப் போவது. கதவைத் திறக்காவிட்டாலும் போவது.

ஆபரேட்டரின் தெருவில், அன்று வாசல்களில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் நின்று, அவர் பொய் சொல்லவில்லை என்று உரக்கச் சொல்வது. அவருடைய மனைவி கேட்டது இது ஒன்றைத்தான். மூன்று ஞாயிறு கடந்துவிட்டன.